நகரசபை ரத்து செய்த வியாழக்கிழமை

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழாம் ஆண்டில் எங்கள் ஊருக்கு முந்நூற்று அறுபத்து நான்கு நாட்கள்தான் இருந்தன. செப்டம்பர் பதினொன்று, புதன்கிழமை முடிந்ததும் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை வந்தது. நடுவில் இருக்கவேண்டிய வியாழக்கிழமையை நகரசபை ஒரு தீர்மானம் போட்டு ரத்து செய்துவிட்டது. தீர்மானத்தின் எண் நாற்பத்தொன்று. நாற்பதாவது தீர்மானம் சந்தைத் தெருச் சாக்கடைக்கு மூடி போடுவது பற்றியது. நாற்பத்திரண்டாவது நகரசபை வாசலில் நாய்கள் படுப்பதைத் தடுப்பது பற்றியது. மூன்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆனதாகக் கூட்டக் குறிப்பு சொல்கிறது. அதில் சாக்கடைக்குத்தான் அதிக நேரம் பிடித்திருக்கிறது.

மற்றபடி அது நல்ல ஆண்டு என்றுதான் சொல்லவேண்டும். பிப்ரவரியில் பாலத்துக்கு இரும்புக் கைப்பிடி வந்தது. ஏப்ரலில் தபால்காரர் மனைவிக்கு ஒரே பிரசவத்தில் மூன்று பெண்கள், மூன்றும் பிழைத்தன. ஜூனில் ஆற்றங்கரைத் தெருக் கிணறுகளில் மூன்று நாள் வெந்நீர் ஊறியது, யாரும் புகார் சொல்லவில்லை. பிறந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், இறந்தவர்கள் நூற்று எண்பத்தெட்டுப் பேர். இதெல்லாம் ஆண்டேட்டில் இருக்கிறது. ஆண்டேடு என்பது ஊரின் தடித்த புத்தகம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முக்கிய நிகழ்ச்சி பெரிய எழுத்தில், அதற்குக் கீழே அன்றைய பிறப்பும் இறப்பும் சின்ன எழுத்தில். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி நகரசபைப் படிக்கட்டில் நின்று முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை சத்தம் போட்டு வாசிப்பார்கள். வாசித்தால்தான் அது நடந்தது என்று கணக்கு. எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்று கேட்டால் ஊரின் லட்சணம் தெரிந்துவிடும். அந்த ஆண்டு மார்ச் மாதம் ஒரு சரக்கு வண்டி கவிழ்ந்தது. வண்டி இழுத்த குதிரை செத்தது பெரிய எழுத்தில் இருக்கிறது, வண்டி ஓட்டியவன் செத்தது சின்ன எழுத்தில் இருக்கிறது. குதிரை நகரசபைத் தலைவருடையது.

அந்த வண்டிக்காரனின் மனைவி தலைவரின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அப்போது அவளுக்கு மூன்றாவது மாதம். அவளுடைய அக்காவும் அதே கூடத்தில்தான் வேலை, துவைத்து உலர்ந்த படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவாள். அதனால் ஊரில் எல்லாருக்கும் அவள் மடிப்புக்காரி. மூன்று விடுதிகளின் துணியும் பெரிய மருத்துவமனையின் துணியும் அங்கேதான் வெளுத்தன. நாற்பது பெண்கள், ஆறு தொட்டிகள், ஒரு கொதிகலன். கொதிகலனுக்குள் நீராவி அளவுக்கு மீறினால் தானே திறந்து வெளியே விடுவதற்கு ஒரு வால்வு உண்டு. அது திறந்து திறந்து நீராவி வீணாகிறது, வேலை பிந்துகிறது என்று தலைவருக்கு எரிச்சல். செப்டம்பர் இரண்டாம் வாரம் தன் மகளின் கல்யாண வீட்டுத் துணிகள் மலையாகக் குவிந்தபோது, வால்வைக் கம்பி போட்டுக் கட்டச் சொன்னார். கட்டினார்கள். பதினொன்றாம் தேதி கல்யாணம் ஜோராக முடிந்தது. பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்குக் கொதிகலன் வெடித்தது.

ஏழு பெண்கள் செத்துப்போனார்கள். மடிப்புக்காரி ஈர விரிப்புக் குவியலுக்குப் பின்னால் இருந்ததால் தப்பித்தாள். தங்கையை இஸ்திரி மேஜைக்கு அடியில் கண்டுபிடித்தாள். தங்கைக்கு உயிர் இருந்தது, ஆனால் உயிரை வைத்துக்கொண்டு அவள் ஒரே ஒரு வேலைதான் செய்தாள்: பிள்ளையைப் பெற்றாள். பெண் குழந்தை. அது அழுத அழுகையில் சுற்றி நின்றவர்கள் ஒரு நிமிஷம் மற்ற எல்லாவற்றையும் மறந்தார்கள், அந்த நிமிஷத்தில் தாய் போய்விட்டாள். மடிப்புக்காரி மருத்துவமனை விரிப்பு ஒன்றில் குழந்தையைச் சுற்றிக்கொண்டு, செருப்புக் கடைக்கு மேலே இருந்த தன் இரண்டு அறை வீட்டுக்கு நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டேகால். பக்கத்து வீட்டுத் தச்சரின் மனைவி கைக்குழந்தைக்காரி. அவள் வந்து ஒரு தடவை பால் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மாலை நகரசபை கூடியது. பிரச்சினை ஆண்டேடு எழுதுகிற குமாஸ்தாவால் வந்தது. ஏட்டுக்காரர் என்று ஊர் அவரைச் சொல்லும். இருபத்தாறு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தார், நேர்மையானவர் என்று பெயர். வெடித்ததை எழுதினால் அரசாங்க மேலதிகாரி விசாரணைக்கு வருவார், கம்பியைப் பற்றிக் கேட்பார். அதனால் வேறு ஏதாவது எழுதச் சொன்னார் தலைவர்.

“பொய் எழுத மாட்டேங்க,” என்றார் ஏட்டுக்காரர்.

“சரி, காலியா விட்டுடுங்க.”

“காலியாவும் விட மாட்டேங்க. இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள்கூட நான் காலியா விட்டதில்ல.”

மனுஷனுக்கு இப்படியும் ஒரு நேர்மை. பொய்யும் கூடாது, காலியும் கூடாது என்றால் அந்த நாளே இல்லாமல் இருப்பதுதான் வழி என்று கூட்டம் முடிவுக்கு வந்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் எழுந்து, பன்னிரண்டு தன்னுடைய பிறந்தநாள் என்றார். “உங்களுக்கு ஒரு வயசு குறையுது, கசக்குதா?” என்று தலைவர் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏழு பிணங்கள் பாக்கி இருந்தன. அவற்றை மருத்துவர் ஏற்றுக்கொண்டு அக்கம்பக்கத்துத் தேதிகளுக்குப் பங்கு வைத்தார்: ஒருத்திக்கு எட்டாம் தேதி மஞ்சள்காமாலை, இரண்டு பேருக்குப் பதினாலாம் தேதி வயிற்றுப்போக்கு, இப்படியே. இஸ்திரிக்காரிக்குப் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காய்ச்சல். ஏட்டுக்காரர் சான்றிதழைப் பார்த்து அப்படியே எழுதினார். சான்றிதழில் உள்ளதை எழுதுவது பொய் ஆகாதாம். வெந்து செத்த பெண்ணைக் காய்ச்சலில் சாகடித்துவிட்டு அந்த மனிதர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

இவர்களைச் சொல்கிறோமே, ஊரில் மற்றவர்கள் என்ன செய்தோம்? ரொட்டிக்கடைக்காரர், புதன்கிழமை சுட்டதைத்தான் வெள்ளிக்கிழமை விற்றேன், கொஞ்சம் காய்ந்து இருந்ததே, கவனிக்கவில்லையா என்றார். நாவிதர் வியாழக்கிழமை மழித்த முகங்களை மனம் கூசாமல் மறந்தார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் தேதியை ஒரு ஈரத் துணி முடித்துவைத்தது. கூரை பிய்ந்து நின்ற சலவைக்கூடத்தைப் பார்த்து, பழுது பார்க்கப் பிரித்திருக்கிறார்கள் என்று நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். கேட்டால் பயம் என்போம். பயம் கொஞ்சம்தான், மீதி எல்லாம் சோம்பல். செத்த மற்ற ஆறு பேரின் வீட்டாரும் முதல் ஆண்டு படிக்கட்டுக்கு வந்து கத்தினார்கள். அப்புறம் சிலர் ஊரைவிட்டுப் போனார்கள், சிலருக்கு அதே கூடத்தில் வேலை வேண்டியிருந்தது.

ரத்தான நாளுக்குப் போக்கிடம் இல்லை. தீர்மானத்தில் கையெழுத்து விழுந்த அந்த வெள்ளிக்கிழமை மாலை, ஆறு மணி சுமாருக்கு, அது மடிப்புக்காரியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இருட்டத் தொடங்கிய நேரத்தில் அவள் வீட்டு ஜன்னல் வழியாகப் பகல் பன்னிரண்டேகால் வெயில் உள்ளே விழுந்தது. அதன் பிறகு அங்கே அஸ்தமிக்கவே இல்லை. வெளியே மழை கொட்டும், உள்ளே வியாழக்கிழமை வெயில் தரையில் அதே கட்டத்தில் கிடக்கும். பால் திரியவில்லை, பூச்செடி வாடவும் இல்லை வளரவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சலவைக்கூடத்துக் கூரைக்கு மேல் நீராவியும் புகையும் கலந்த வெள்ளை மேகம் ஒன்று எழும்பியபடியே நின்றது. அதே ஜன்னலுக்கு நேர் கீழே தெருவில் நின்று பார்த்தால் அங்கே ஒன்றும் கிடையாது. குழந்தைக்கு அப்புறம் பசி எடுக்கவில்லை. தச்சர் மனைவி ஒரு தடவை கொடுத்த பால் போதுமாக இருந்தது. தலைமுடி ஈரமாகவே இருந்தது. அது வளரவில்லை.

ஒரு மாதம் கழித்து, பிறப்பைப் பதியலாம் என்று மடிப்புக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசற்படியைத் தாண்டியதும் கை லேசானது. பிரித்துப் பார்த்தால் வெறும் துணி. அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள், உள்ளே கால் வைத்ததும் துணிக்குள் குழந்தை கனத்தது. நான்கு தடவை இப்படி உள்ளும் புறமும் போய்ப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தனியாகப் போய் ஏட்டுக்காரரை அழைத்து வந்தாள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்.

“குழந்தை நல்லாத்தான் இருக்கு. பிறந்த தேதி?”

“செப்டம்பர் பன்னெண்டு.”

“அப்படி ஒரு தேதி இல்லையேம்மா.”

“அப்ப இது என்னங்க? கண்ணு முன்னாடி கிடக்குதே?”

“இருக்கலாம்மா. நான் எங்க எழுதறது?”

அவர் குரலில் இரக்கம் இருந்ததாகத்தான் மடிப்புக்காரி பிற்பாடு சொன்னாள். அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதிய வரியைத் திருத்த விதி உண்டு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்: இறந்தவருக்கு மிக நெருங்கிய உறவு உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், நகரசபைத் தலைவர் அதில் முத்திரை வைக்கவேண்டும், பிறகு அதே படிக்கட்டில் திருத்தத்தை வாசிக்கவேண்டும். மடிப்புக்காரி மனு எழுதிக் கொடுத்தாள். தலைவர் முத்திரை வைக்கவில்லை. மறு வருஷம் இன்னொரு மனு. இப்படி வருஷத்துக்கு ஒன்றாக ஒன்பது மனுக்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதைவிடச் சின்னது. முதல் மனு நான்கு பக்கம், ஒன்பதாவது மனுவில் ‘என் பிள்ளை வளரணும்’ என்ற மூன்று சொற்களும் கையெழுத்தும்தான்.

இதற்கிடையில் அந்த வீட்டு வெயில் ஊருக்குப் பயன்படத் தொடங்கியது. தையல் வேலை செய்கிற பெண்கள் சாயங்காலம் ஆனால் மாடி ஏறி வந்துவிடுவார்கள். வெளிச்சம் போன பிறகும் அங்கே ஊசியில் நூல் கோக்கலாம், விளக்குக்கு எண்ணெய் மிச்சம். மடிப்புக்காரி வேலை முடிந்து வரும்வரை தொட்டிலையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். குழந்தையைச் சுற்றி உட்கார்ந்து மாமியார் கதையும் வீட்டுக்காரர் கதையும் கூசாமல் பேசினார்கள், கைக்குழந்தைக்கு என்ன புரியப்போகிறது என்று. எல்லாரும் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தார்கள். பெண்கள் தலைவிரிகோலமாக ஓடுவதும் அதில் தெரிந்தது. “பாவம்” என்பார்கள், அப்புறம் நூலை எச்சில் தொட்டு முறுக்குவார்கள். ஒரு தடவை மேலதிகாரிகூட வந்தார், யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் அருகே பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, ‘கண்ணாடியில் குறை உள்ளது, மாற்றவும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மடிப்புக்காரியின் தலை நரைத்தது. வெளியே போய் வருகிறவளுக்கு வயது ஏறத்தானே செய்யும். தொட்டிலுக்கு மேல் குனியும்போது தன் நரைத்த முடி அந்தக் குழந்தையின் ஈரமுடியில் விழும், நான் செத்துப்போனால் இதை யார் பார்ப்பார்கள் என்று நினைப்பாள். மற்றதெல்லாம் அவளுக்கு ஆறிவிட்டது, அந்த ஒரு நினைப்பு மட்டும் ஆறவில்லை.

ஒன்பதாவது வருஷம் தலைவரின் மாப்பிள்ளைக்கு வேறொரு பெண்மேல் மனம் போனது. கல்யாணத்தை எப்படி உதறுவது என்று தேடியவர் கல்யாணப் பதிவைப் புரட்டினார். சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். அன்றைக்கு இரண்டாவது சாட்சி வந்து சேரத் தாமதமாகி, மணப்பெண்ணின் உடையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து அவசரமாக நின்றிருந்த பெண்ணையே பிடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தப் பெண் யார் என்று சொல்லத் தேவையில்லை. கல்யாணம் பதினொன்றாம் தேதி. ஆண்டேட்டின்படி அவள் பத்தாம் தேதியே காய்ச்சலில் செத்துவிட்டாள். செத்தவள் சாட்சி போட்ட கல்யாணம் செல்லாது, ஒன்பது வருஷமாக நான் பிரம்மச்சாரி என்று மாப்பிள்ளை வழக்குப் போட்டார். தலைவரின் மகள் இரண்டு பிள்ளைகளோடு அப்பா வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். அவள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, அவளும் அழத்தான் செய்தாள். ஆனால் ஏழு பெண்களின் சாவுக்கு ஒன்பது வருஷம் அசையாத கால்கள், ஒருத்தியின் மானத்துக்கு நான்கே நாளில் செருப்புக் கடை மாடிப்படி ஏறின.

தலைவர் மூச்சு வாங்க உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெயில் கண்ணில் பட்டதால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், அதனால் ஜன்னல் நேரே வந்துவிட்டது.

“உன் தங்கச்சி பதினொண்ணாம் தேதி உயிரோட இருந்தான்னு எழுதிக் குடும்மா. அவ்வளவுதான்.”

“இருந்தா. எழுதித் தர்றேன். எப்ப செத்தான்னு எழுதணும்?”

“பதிமூணுன்னு போட்டுக்கலாம்.”

“பதிமூணாம் தேதி அவ சாகலைங்க.”

அவர் கூடத்தில் மேற்பார்வை வேலை தருவதாகச் சொன்னார். நல்ல வீடு தருவதாகச் சொன்னார். நாற்பது வேலைக்காரிகளை அதட்டிப் பழகிய குரலில் ஒரு தடவை அதட்டியும் பார்த்தார். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

“ஒன்பது வருஷமா அழுவுது,” என்றாள் மடிப்புக்காரி. “உங்க வீடு எனக்கு எதுக்குங்க? எனக்கு வேண்டியது ஒரு நாள். அது உங்ககிட்ட இருக்கு, எடுத்துக் குடுங்க.”

“அந்தக் கம்பி விஷயம்...”

“கம்பியும் சேத்துத்தான்.”

தலைவர் ஜன்னலைப் பார்த்தார். அதில் என்ன பார்த்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை. மனம் திருந்தினார் என்று அவர் மறைவுக்குப் பின் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்கள், அது அண்டப்புளுகு. அப்போதும் அவர் விசாரித்தது ஒன்றுதான்: விபத்து விசாரணைக்கு ஐந்து வருஷக் கெடு, அது முடிந்துவிட்டதா என்று. முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் முத்திரை வைத்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஏட்டுக்காரர் நகரசபைப் படிக்கட்டில் ஏறி நின்றார். வயதாகிவிட்டது, தாளைக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டார். மடிப்புக்காரி எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் விடாமல் வாசித்தார். “செப்டம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை. சலவைக்கூடத்தின் கொதிகலன் வெடித்தது. வால்வு கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கட்டச் சொன்னவர் முதலாளி. இறந்தவர்கள் ஏழு பெண்கள்.” ஏழு பேரின் பெயரையும் வாசித்தார். “பிறந்தது ஒரு பெண் குழந்தை.” வாசித்து முடித்ததும், ஒன்பது வருஷமாக அடக்கி வைத்திருந்த வெடிச்சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. இருபத்து மூன்று வீடுகளின் கண்ணாடி நொறுங்கியது, தலைவர் வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. யாருக்கும் காயம் இல்லை. எங்கள் எல்லாருக்கும் அந்த வியாழக்கிழமை எங்கே நின்றோம், யார் முகத்தைப் பார்த்தோம், என்ன சொல்லி நழுவினோம் என்பது ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. ரொட்டிக்கடைக்காரர் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடைக்காரருக்கு ஒரு வயது கூடியது. கல்யாணம் செல்லுபடியானது, மாப்பிள்ளை முனகிக்கொண்டே வீடு திரும்பினார். தலைவர்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு தடவை அவரைத்தான் தலைவராகத் தேர்ந்தெடுத்தோம், இதையும் எழுதித்தான் வைக்கவேண்டும்.

மடிப்புக்காரி ஓடினாள். இனி வாசல் தாண்டித் தூக்கிப் போகலாம், பால் வாங்கவேண்டும், தச்சர் மனைவியைக் கேட்கவேண்டும், கம்பளித் துணி வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினாள். வீட்டுக்குள் சாதாரணத் திங்கட்கிழமை வெளிச்சம் இருந்தது. தொட்டில் உடைந்து கிடந்தது. மருத்துவமனை விரிப்பைத் தோளோடு சுற்றிக்கொண்டு, தங்கையின் நெற்றியும் தங்கையின் முகவாயுமாக, ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாக்கி வைத்திருந்த ஒன்பது வருஷமும் ஒரேயடியாக வந்து சேர்ந்துவிட்டிருந்தது. தவழ்ந்ததை யாரும் பார்க்கவில்லை. முதல் பல்லை யாரும் பார்க்கவில்லை. தையல்காரிகளிடம் ஒன்பது வருஷம் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பேச்சு மட்டும் சுத்தமாக வந்தது.

“ஏன் பெரியம்மா இவ்ளோ நேரம்?” என்று கேட்டாள்.

ஒன்பது மனு எழுதிய மடிப்புக்காரி தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, தங்கை செத்ததிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதாள். பிறகு எழுந்து தன்னுடைய பாவாடை ஒன்றை அளவுக்கு வெட்டித் தைத்தாள். புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். ஆசிரியர் பிறந்த தேதியை ஆண்டேட்டின் திருத்தத்தோடு சரிபார்த்தார், ஒன்பது வயது, சரியாக இருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

“இத்தன நாளா எங்க இருந்தே?”

“பொறந்துகிட்டே இருந்தேங்க.”

ஆசிரியர் தலையை ஆட்டி, வருகைப் பதிவைத் திறந்து, தாமதமாக வந்ததற்குக் காரணம் என்ற கட்டத்தில் ‘நகரசபை’ என்று எழுதிவிட்டு, இரண்டாவது பெஞ்சில் இடம் காட்டினார்.